வேலைக்குப் போகாத நாளில் விழுந்த பேர்

தம்பி,

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பராவில், அவர்களின் நிறை எழுதுகிற கொப்பியிலிருந்து கிழித்த தாள்கள் இவை. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு மேரி ஒவ்வொன்றாகப் படம் பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள். படிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அவளாவது, படிக்காமல் இருப்பதாவது. படிக்கட்டும். இந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் உன் அப்பாவைப் பற்றி ஒன்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருத்திக்காவது உண்மை தெரியட்டும்.

நேற்று வெள்ளிக்கிழமை நீ போனில் கோல் எடுத்தபோதே எனக்குப் பயம் வந்தது. நீ ஞாயிற்றுக்கிழமையைத் தவிர மற்ற நாளில் அம்மாவை நினைக்கிறவன் இல்லை. நீ வேலை செய்கிற அந்த டைல்ஸ் கம்பெனியில், பெட்டி ஏற்றிய தள்ளுவண்டி கணுக்காலில் ஏறிவிட்டது என்றாய். புதன்கிழமை நடந்ததை வெள்ளிக்கிழமை சொன்னாய். கால் வீங்கிக் கறுத்துப்போயிருக்கிறது, ஊன்ற முடியவில்லை என்றாய். நான் அழத் தொடங்கியதும் நீ சிரித்தாய். "அம்மா, ஒண்ணும் யோசிக்காதீங்க. எல்லாம் கம்பெனியே பாக்குறாங்க. திங்கக்கெழம காலையில கார் அனுப்புறாங்க. அவங்க டொக்டர், தனியார் ஆஸ்பத்திரி, ஏசி ரூமு. கவர்மென்ட் ஆஸ்பத்திரி லைன்ல போய் நிக்கத் தேவையில்ல" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கிடைக்காதது உனக்குக் கிடைத்துவிட்ட மாதிரி, "லீவுகூட வெட்ட மாட்டாங்கம்மா. போகாமலே அட்டெண்டன்ஸ் விழுது" என்றாய். அந்த இடத்தில் என் அழுகை நின்றுபோனது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அது என் தொண்டையிலிருந்து வந்தது.

திங்கட்கிழமை அந்தக் காரில் ஏறாதே. ஏன் என்று சொல்ல, உன் அப்பாவின் கையிலிருந்து தொடங்க வேண்டும். தெரிந்த கதைதானே என்று பக்கத்தைத் தள்ளாதே. உனக்குத் தெரிந்தது பாதிதான். மற்றப் பாதியை நான் மறைத்து வைத்தேன். அதை மறைத்ததால் கிடைத்த சோற்றைத்தான் நீயும் நானும் தின்றோம்.

அப்போது நீ எட்டாம் வகுப்பு. நம் தோட்டத்தில் தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோரில் அப்பாவுக்கு ரோலர் மெஷினில் வேலை. வாடிய கொழுந்தை முறுக்கி அரைக்கிற அந்த மெஷினைக் காட்ட, சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், நினைவிருக்கலாம். அன்று மத்தியானம் கொழுந்து அடைத்துக்கொண்டதால் மெஷினை நிறுத்தி, உள்ளே கையை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார். மறுபக்கம் நின்ற செபமாலை மாமா, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து சுவிட்சைப் போட்டுவிட்டார். ஒரு சுற்று முழுதாகச் சுற்றவில்லை. அதற்குள் தகட்டு விளிம்பு வலது உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்துவிட்டது. எனக்குச் சொல்ல ஆள் ஓடி வந்தது. தொட்டில் பிள்ளைகளை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினேன். டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் அப்பா உட்கார்ந்திருந்தார். கையைச் சுற்றி செபமாலை மாமாவின் சட்டை. மாமா வெற்றுடம்போடு பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா. "கவர்மென்ட் பெரியாஸ்பத்திரிக்கே போயிருவோம். வெரலு ரெண்டு மரத்துப் போன மாதிரி இருக்கு, மடக்க வரல." மாமாவும், "ரோட்டுல ஆட்டோ நிக்குது அக்கா. நான் கொண்டு போறேன்" என்றார்.

நம் டிஸ்பென்சர் ஐயாவை எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிடுவோம். டொக்டர் இல்லை என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். புள்ளக்காம்பராவும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அதனால் எனக்கு அவர்தான் மேலதிகாரி. அவர் என்னை மட்டும் மருந்து அறைக்குள் கூப்பிட்டார். "மிஸ், அவசரப்படாதீங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ்ல எழுதுவாங்க. யாரு சுவிட்சப் போட்டதுன்னு கேப்பாங்க. பாவம், செபமாலையத்தான் கூட்டிட்டுப் போவாங்க. தொர அவரு ஜீப்பையே அனுப்புறாரு. ஹட்டன்ல அவருக்குத் தெரிஞ்ச டொக்டர்ட்ட சனல் பண்ணி நேரம் எடுத்து வச்சிருக்கு. நீங்க ஒரு சதம் கட்டத் தேவையில்ல. கை சொகமாகுற வரைக்கும் வேலைக்கு வராமலே பேர் போடச் சொல்லிட்டாரு." இவ்வளவும் சொல்லிவிட்டு, மருந்துப் போத்தல்களை அடுக்கிக்கொண்டே, "ஒங்கள நிரந்தரமாக்குற கடிதமும் இந்த மாசந்தான் தொர மேசைக்குப் போகுது" என்றார். மிரட்டவில்லை, தம்பி. நல்ல செய்தி சொல்கிற மாதிரித்தான் சொன்னார். மிரட்டியிருந்தால் ஒருவேளை எனக்கு ரோஷம் வந்திருக்கும்.

தோட்டத்தை நடத்துகிற துரைக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அப்போது நான் கேட்கவில்லை. ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுதால் ஆடு யோசிக்க வேண்டும். நான் யோசிக்காத ஆடு. அந்த மாதம் வெளிநாட்டில் நம் தேயிலையை வாங்குகிறவர்கள் ஸ்டோரைப் பார்வையிட வர இருந்தார்கள். ஸ்டோர் வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தது, விபத்து இல்லாத நாட்கள் எத்தனை என்று. தினமும் காலையில் சோக்குக் கட்டியால் எண்ணை மாற்றி எழுதுவார்கள். ஒருவன் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அந்த எண்ணை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். உன் அப்பா உள்ளங்கையைப் பொத்திக்கொண்டிருந்தார், அவர்கள் அந்தப் பலகையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் வெளியே வந்து சொன்னதும் செபமாலை மாமா அழுதுவிட்டார். "என்னப் பிடிச்சா பிடிக்கட்டும் அக்கா. அண்ணன மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்." சுவிட்சைப் போட்ட மனிதர் சிறைக்குப் போகத் தயாராக இருந்தார். நான் ஜீப்பில் போகத் தயாராக இருந்தேன். ஜீப் வந்து நின்றதும் அப்பா இரண்டாவது தரம் சொன்னார்: "நமக்கு ஏன் இந்த ஜீப்பு. பெரியாஸ்பத்திரிக்கே போயிருவோமே." நான் என்ன சொன்னேன் தெரியுமா. "பேசாம ஏறுங்க. தொரையே வண்டி குடுக்கையில மொகத்துல அடிச்ச மாதிரியா பேசுவீங்க." அவர் பேசாமல் ஏறினார். டொக்டரைத் தேர்ந்தெடுத்தது துரை இல்லை, டிஸ்பென்சர் ஐயா இல்லை, உன் அப்பா இல்லவே இல்லை. நான்.

எனக்கு ஏன் பெரியாஸ்பத்திரி பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியாயம் கேட்பதற்காக அல்ல, நீ அதே பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. உன்னைப் பெற்றெடுக்க நான் போனது ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். எனக்குச் சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு நர்ஸ் ஏதோ கேட்டாள், நான் விழித்தேன், அவள் மற்றவளைப் பார்த்துத் தோட்டத்து ஆள் என்று ஏதோ சொல்லிச் சிரித்தாள். வலியைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு வலித்தது. இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அன்று சத்தியம் செய்தேன். என் பயம் பொய்யில்லை, தம்பி. ஆனால் நம் பயம் நமக்குத் தெரிவதைவிட நம்மை வேலை வாங்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். லைனில் நிற்க வேண்டாம் என்று உன்னிடம் சொன்னவர்களும் அதைத் தெரிந்துதான் சொல்லியிருப்பார்கள். அத்தனை அவமானத்தோடு கிடந்த அந்தக் கட்டிலில்தான் நீ முழுசாக, உயிரோடு, என் கைக்கு வந்தாய். அதை நான் வசதியாக மறந்துவிட்டேன்.

ஜீப்பில் முன் சீட் அப்பாவுக்கு. தோட்டத்து ஆள் துரையின் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து போவதை நோட்டன் பிரிட்ஜ் கடைக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். கையிலிருந்து ரத்தம் சொட்டியபோதெல்லாம் நான் பின்னாலிருந்து எட்டி சேலைத் தலைப்பால் சீட் உறையைத் துடைத்துக்கொண்டே போனேன். ஹட்டனில் அந்த இடத்துக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே மீன்தொட்டி. வாசலில் இருந்த பெண் அப்பாவை "மிஸ்டர்" போட்டுக் கூப்பிட்டாள். அவர் வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தார். உள்ளே டொக்டர் எங்களோடு பேசவில்லை. எங்களோடு வந்த ஒபிஸ் கிளாக்கரோடுதான் இங்கிலீஷில் பேசினார். எப்படி வெட்டியது என்று கேட்கவில்லை. விரலை மடக்கிக் காட்டு என்று சொல்லவில்லை. தோலை இழுத்து வைத்துத் தைத்தார், வெள்ளை வெளேரென்று கட்டுப் போட்டார், சின்னக் காயம் பத்து நாளில் சரியாகும் என்று கிளாக்கர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இவ்வளவு அழகான கட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு டொக்டர் நல்லவரா கெட்டவரா என்று நமக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கலாம். அது எனக்கும் தெரியாது. அந்த மனிதர் கெட்டவர் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் யாருடைய டொக்டர் என்று தெரிந்துகொள்ளலாம். அவர் யாருடைய முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று கவனி. அடிபட்டவனைப் பார்த்துப் பேசினால் அவர் அடிபட்டவனின் டொக்டர். கூட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்துப் பேசினால் கூட்டிக்கொண்டு வந்தவனின் டொக்டர். எங்கே, எப்படி நடந்தது என்று கேட்டு அதை எழுதிக்கொள்ளாதவர் எவ்வளவு பெரிய படிப்புப் படித்திருந்தாலும் உனக்கு வேண்டாம். வேலையில் பட்ட காயத்துக்கு மருந்து எவ்வளவு முக்கியமோ, அந்த எழுத்தும் அவ்வளவு முக்கியம். அது எனக்குத் தெரிந்தபோது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் ஆகிவிட்டது.

பேர் விழுந்த கதையையும் கேள். ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் ஒரு பேர். மழையில் நனைந்து, அட்டை கடித்து, கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்று திட்டு வாங்கி, அந்த ஒரு பேருக்காக நம் சனங்கள் எப்படி அலைகிறார்கள் என்று உனக்குத் தெரியும். உன் அப்பா கட்டுப் போட்ட கையோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்க, அவருக்குத் தினமும் முழுப்பேர் விழுந்தது. லயத்தில் பொறாமைப்பட்டார்கள். "கொடுத்து வச்ச கை" என்று ஒருத்தி சொன்னாள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு வாரம் பேர் பதியவில்லை என்று தெரிந்ததும் நானே ஒபிஸுக்குப் போய், கிளாக்கரிடம் கெஞ்சி, விட்ட நாளுக்கெல்லாம் போட வைத்தேன். விபத்து நடந்த மறுநாள் காலை ஸ்டோர் வாசலைத் தாண்டிப் போகும்போது அந்தப் பலகையைப் பார்த்தேன். எண் ஒன்று கூடியிருந்தது. பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் தலைக்குள் நிரந்தரக் கடிதம் ஓடிக்கொண்டிருந்தது. அது மாதக் கடைசியில் வந்தது. அப்பா இடது கையால் எனக்குச் சர்க்கரை ஊட்டிவிட்டார்.

தையல் பிரித்த பிறகு விரல் இரண்டும் மடங்கவில்லை. மறுபடி அதே டொக்டரிடம் ஜீப்பில் போனோம். ரப்பர் பந்தை வைத்து அமுக்கச் சொன்னார். நீ உன் கிரிக்கெட் பந்தைக் கொடுத்தாய். மாதக்கணக்கில் அமுக்கினார். பந்துதான் தேய்ந்தது. கடைசியில் எனக்குச் சொல்லாமல் அவரே பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். கிளினிக்கில் ஒரு சின்ன வயசு டொக்டர், சிங்களப் பிள்ளை, வரிசையில் நூறு பேர் நிற்க, அப்பாவை உட்காரவைத்து ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாளாம். எங்கே வெட்டியது, எந்த மெஷின், யார் தைத்தது என்று தெரிந்த தமிழில் கேட்டாளாம். "ஐயா, உள்ளே நரம்பு ரெண்டு அறுந்திருக்கு. மேலே தோல் மட்டும் தைச்சிருக்கு. அந்த வாரமே வந்தா எடுத்துத் தைக்க முடியும். இப்ப உள்ளே சுருங்கிப் போச்சு" என்றாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அப்பாவின் குரலில் கோபம் இல்லை. நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். "சரி, விடு. நம்ம நல்லதுக்குத்தான சொன்ன" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் அன்றைக்கே உன்னிடம் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் என்னை மன்னித்ததை நான் வாய் மூடிக்கொள்ள அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தத் துரை மாற்றலாகிப் போனார். அதுவரை அப்பா ஸ்டோரைப் பெருக்கிக்கொண்டிருந்தார். புதுத் துரைக்கு மடங்காத கை எதற்கு. சும்மா பெருக்குவதற்கு ஆள் வேண்டியதில்லை என்று நிறுத்திவிட்டார். நட்டஈடு கேட்கலாம் என்று யூனியன் தலைவர் சொல்லித்தான் ஹட்டனில் லேபர் ஒபிஸுக்குப் போனோம். உனக்குப் பதினைந்து வயது. எங்கள் இரண்டு பேருக்கும் சிங்களம் வராது என்று பள்ளிக்கூடம் போகாமல் நீ வந்தாய். அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அடிபட்ட அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்டார். இல்லை. பொலிஸ் பதிவு? இல்லை. தோட்டத்து விபத்துப் புத்தகத்தில்? அன்றைய பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. சனல் டொக்டரின் அட்டையில் உள்ளங்கையில் வெட்டு என்று ஒரு வரி, எப்படி என்று இல்லை. பிறகு தோட்டம் அனுப்பிய செக்ரோலைத் திருப்பிக் காட்டினார். அடிபட்ட மறுநாளிலிருந்து உன் அப்பாவுக்கு ஒரு நாள் விடாமல் பேர். கை அறுந்தவன் அடுத்த நாளே வந்து எப்படி வேலை செய்தான் என்று கேட்டார். நீ அதைத் தமிழில் எங்களிடம் கேட்டாய். நான் கெஞ்சிப் போட வைத்த நாட்கள்கூட அதில் வரிசையாக நின்றன. கேட்க வேண்டிய காலமும் கடந்துவிட்டது என்றார்.

எழுந்து வரும்போது அவர் ஒன்று கேட்டார். இவ்வளவு பெரிய காயத்துக்கு ஏன் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அந்த டொக்டரிடம் போக முடிவெடுத்தது யார் என்று. நீ தமிழில் திருப்பிச் சொன்னாய். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான் சார். எனக்கு அதுதான் வசதின்னு பட்டுச்சு" என்றார். நீ அதைச் சிங்களத்தில் சொன்னாய். உன் காது இரண்டும் சிவந்திருந்தன. பஸ்ஸில் வரும்போது நீ எங்களோடு உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து, "தொர ஜீப்பக் காட்டுனதும் வாயப் பொளந்துட்டீங்களேப்பா" என்றாய். அவர், "ஆமாடா, பொளந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு விறகு உடைக்கப் போனார், இடது கையால். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசி நான் பார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவர் செத்துப்போனபோது, வாசலில் நின்ற உன் கூட்டாளிகளிடம், "எங்க அப்பா நல்ல மனுஷன், ஆனா ஏமாளி" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. நான் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. உன் ஓ லெவல் டியூஷன், நாம் இருக்கிற இந்த வீடு, கொழும்புக்கு நீ காலில் போட்டுக்கொண்டு போன சப்பாத்து, எல்லாம் அந்த நிரந்தரக் கடிதத்தில் வந்தவை. உன்னை ஆளாக்கத்தானே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிலும் பாதிதான் உண்மை. முன் சீட் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேள். திங்கட்கிழமைவரை காத்திருக்காதே. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ. விபத்துப் பிரிவுக்கு ஞாயிறும் இல்லை, போயா லீவும் இல்லை. கூட வேலை செய்கிற யாராவது அந்த வண்டி ஏறியதைப் பார்த்திருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு போ. லைனில் நிற்க வேண்டியிருக்கும். நில். யாராவது முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எனக்கு இல்லாத சிங்களம் உனக்கு இருக்கிறது. எப்படி ஆனது என்று கேட்டால் விழுந்துவிட்டேன் என்று மழுப்பாதே. வேலை செய்கிற இடத்தில், இன்ன நாள், இன்ன நேரம், இன்ன வண்டி என்று சொல், அதை எழுதிக்கொள்கிறார்களா என்று பார். பொலிஸ் கேட்டாலும் அதையே சொல். எக்ஸ்ரே எடுக்காமல் சுளுக்கு என்று யார் சொன்னாலும் நம்பாதே. சீட்டையும் கிளினிக் கொப்பியையும் கம்பெனியில் வாங்கி வைக்கப் பார்ப்பார்கள். படம் பிடித்துக் கொடு, கையில் இருப்பதைக் கொடுக்காதே. நடந்ததைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கு. அவர்களுடைய டொக்டர் உன்னைப் பார்க்க வேண்டும் என்றால் சண்டை போடாதே, அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று அந்த அதிகாரி அன்றைக்கே சொன்னார். பார்த்துவிட்டுப் போகட்டும். பார்ப்பது வேறு, வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் முதலில், போகாத நாளுக்குப் போனதாக விழுகிற அந்த அட்டெண்டன்ஸை நிறுத்தச் சொல். விபத்து லீவு என்று போடச் சொல். மாட்டோம் என்றால், ஏன் மாட்டார்கள் என்று உனக்கு இப்போது தெரியும்.

நான் புறப்பட்டு வரலாம். ஹட்டனில் பஸ் ஏறினால் கொழும்பு ஒன்றும் தூரமில்லை. வர மாட்டேன். வந்தால் உன் ரூமில் உட்கார்ந்து, அந்தக் கார் வந்து வாசலில் நிற்பதைப் பார்த்து, டிரைவர் கதவைத் திறந்துவிடுவதைப் பார்த்து, இவ்வளவு எழுதிய இந்தக் கையே உன்னை ஏற்றிவிட்டாலும் விடும். என்னை எனக்குத் தெரியும். இந்த முறை முடிவு என்னுடையதாக இருக்கக் கூடாது.

நேற்று போனை வைப்பதற்கு முன் நீ சொன்ன ஒன்றை இவ்வளவு நேரம் எழுதாமல் விட்டிருக்கிறேன். "பயப்படாதீங்கம்மா. நான் அப்பா மாதிரி ஏமாற மாட்டேன்" என்றாய். நான் "ம்" என்றேன். பதினான்கு வருஷமாக நான் சொல்லிவருகிற அதே "ம்". தம்பி, நீ அப்பா மாதிரி இல்லை. இருந்திருந்தால் புதன்கிழமையே பெரியாஸ்பத்திரி லைனில் நின்றிருப்பாய். ரத்தம் சொட்டச் சொட்ட இரண்டு தரம் அவர் கேட்டது அதைத்தான். நீ என்னை உரித்து வைத்திருக்கிறாய். நாளை ஒரு நாளைக்காவது உன் அப்பாவின் மகனாக இரு.

அம்மா